கசடு தாங்கும் இரும்பு: செங்குத்திலும் தலைக்கு மேலும் ஃப்ளக்ஸ் கோர் கம்பி

படுக்கை நிலையில் ஏறக்குறைய எந்தக் கம்பியும் ஓடிவிடும். தகடு மேசைமேல் கிடக்க, உருகிய இரும்பும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வோல்டேஜ் இரண்டு கூடினால் பீட் கொஞ்சம் அகலும், இரண்டு குறைந்தால் கொஞ்சம் உப்பும். அதே தகட்டைத் தூக்கி நிறுத்தினால் அந்த இரண்டு வோல்ட் பீடையே கீழே வழியவிட்டுவிடும். தலைக்கு மேல் வைத்தால் அது வெல்டரின் சட்டைக் காலருக்குள் விழும். இந்த நிலைகளுக்கு எந்த ஃப்ளக்ஸ் கோர் கம்பி, அதை எப்படி ஓட்டுவது என்று கேட்டால் பட்டறையில் பதில் பெரும்பாலும் எண்ணாகவே வரும்: 24 வோல்ட், 200 ஆம்பியர், போட்டு அடி. எண்ணில் தப்பில்லை. ஆனால் எந்தக் கம்பிக்கு, எந்த வாயுவுக்கு, எவ்வளவு நீளக் கேபிளுக்கு என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பும் இல்லை. விடை மெஷின் முகப்பில் தொடங்குவதில்லை, கம்பிக்குள் அடைத்திருக்கும் பொடியில் தொடங்குகிறது என்பது என் கட்சி.

செங்குத்தில் உருகிய இரும்பை நிறுத்திவைப்பவை மூன்று: அதன் பரப்பு இழுவிசை, ஆர்க்கின் தள்ளு, மேலே படியும் கசடு. நம் ஊரில் சி.ஓ.டூ வெல்டிங் என்றே பெயர்பெற்ற சாலிட் வயர் முறைக்கு முதல் இரண்டு மட்டுமே துணை. அதனால் செங்குத்தில் அதை ஓட்டுகிறவர் கரண்டைக் குறைத்து, கம்பி குட்டையைத் தொட்டுத் தொட்டு உருகும் ஷார்ட் சர்க்யூட் முறைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பீட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 12 மி.மீ. தகட்டின் விளிம்பை உருக்காமலே அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வெளியே தெரியாது. கட்டமைப்பு எஃகுக்கான அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல், முன்தகுதி பெற்ற முறைகளின் பட்டியலில் ஷார்ட் சர்க்யூட்டைச் சேர்க்காமல் விட்டிருப்பது இந்த அச்சத்தால்தான். 7018 ராடு செங்குத்தை நன்றாகவே சமாளிக்கும். ஆனால் ஒவ்வொரு ராடு தீரும்போதும் நிறுத்தி, தட்டி, மறுபடி பற்றவைக்க வேண்டும். வாங்கிய ராடின் எடையில் ஏறக்குறைய அறுபது சதமே வெல்டில் சேரும், மீதி கசடாகவும் புகையாகவும் துண்டு ராடாகவும் போய்விடும். வாயுவோடு ஓடும் ஃப்ளக்ஸ் கோரில் 85 முதல் 90 சதம் வரை சேர்கிறது.

ஃப்ளக்ஸ் கோர் கம்பி என்பது பொடி அடைத்த மெல்லிய எஃகுக் குழாய். எல்லா நிலைக்கும் ஆன வகைகளில் அந்தப் பொடியின் பெரும்பகுதி ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. ஆர்க்கில் உருகி, குட்டையின் மேல் மிதந்து, இரும்பு முழுதாக உறையும் முன்பே ஓரங்களிலிருந்து இறுகத் தொடங்குகிறது. கான்கிரீட் பிடிக்கும்வரை சென்ட்ரிங் பலகை தாங்குவதுபோல, இந்தக் கசடுதான் இரும்பைத் தாங்குகிறது. அதனால்தான் 200 ஆம்பியரில் செங்குத்தாக ஏற்றி அடிக்க முடிகிறது. சாலிட் வயரில் அந்தக் கரண்டில் குட்டை நிற்காது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கசடு தாமதமாக உறைந்தால் இரும்பு தொங்கும், சீக்கிரமாக உறைந்தால் இரும்புக்குள்ளிருந்து வெளியேற வேண்டிய வாயு அடியில் மாட்டிக்கொள்ளும். கசடைத் தட்டியதும் பீடின்மேல் நீளநீளக் கோடுகளாகத் தெரியும் தடங்கள், இன்ஸ்பெக்டர்கள் வார்ம் டிராக் என்று எழுதுபவை, இப்படி வந்தவைதான். தொங்கலுக்கும் தடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கம்பி செய்பவரின் வேதியியலும், அதை ஓட்டுபவரின் வோல்டேஜும் புழங்குகின்றன. பின்னால் வரும் செய்திகள் எல்லாம் இந்த இடைவெளியைப் பற்றியவை.

கசடு உறையும் வேகத்தைக் கம்பிப் பெட்டியின் மேல் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17632, ரூட்டைல் கம்பிகளையே இரண்டாகப் பிரிக்கிறது: சீக்கிரம் உறையும் கசடு என்றால் பி, மெதுவாக உறையும் கசடு என்றால் ஆர். நம் கடைகளில் அதிகம் புழங்கும் அமெரிக்க முறையான ஏ5.20 இதை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்கிறது. ஈ71டி-1சி என்பதில் 7 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமை, அதாவது சுமார் 490 மெகாபாஸ்கல். அடுத்த 1 எல்லா நிலைக்கும் ஏற்றது என்ற சொல். அந்த இடத்தில் 0 இருந்தால் படுக்கைக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும். ஈ70டி-1, ஈ71டி-1 இரண்டும் ஸ்பூலில் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதன் கசடு தளர்ந்து ஓடும், படுக்கையில் பெரிய பீடை வழவழவென்று மூடுவதற்காகச் செய்தது. அதைச் செங்குத்தில் ஏற்ற முயன்று, வழிகிறது என்று வெல்டரைத் திட்டும் காட்சி அரிதல்ல. கிலோ விலையை மட்டும் பார்த்துக் கம்பி வாங்கும் மேலாளர், மிச்சம் பிடித்ததைக் கிரைண்டர் டிஸ்க்கில் திருப்பிக் கொடுக்கிறார்.

கோட்டுக்குப் பிறகு வரும் எண்தான் கம்பியின் குணம். 1 என்பது ரூட்டைல், வாயு தேவை, டார்ச் நேர்மின் முனையில். மைனஸ் 18 டிகிரியில் 27 ஜூல் தாக்குவலிமை கேட்கப்படும். 9 என்பதும் ரூட்டைல்தான், அதே ஓட்டம், ஆனால் மைனஸ் 29 டிகிரியில் அந்த 27 ஜூலைக் காட்ட வேண்டும். கடைசியில் ஜே என்ற எழுத்து சேர்ந்தால் மைனஸ் 40. இன்று நல்ல நிறுவனங்களின் ஒரே கம்பி 1, 9 என இரண்டு வகுப்புகளின் சான்றோடும் வருவது உண்டு. எச்4, எச்8 என்பவை 100 கிராம் வெல்ட் உலோகத்தில் பரவக்கூடிய ஹைட்ரஜனின் மேல்வரம்பு, மில்லிலிட்டரில். கனமான தகட்டில், வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்து வரும் குளிர்விரிசலுக்கு ஹைட்ரஜனே முதல் காரணம் என்பதால், 25 மி.மீ.க்கு மேற்பட்ட வேலைக்கு இந்த எழுத்தைப் பார்க்காமல் கம்பி எடுப்பது விவேகமல்ல.

5 என்ற எண் தனிச் சாதி. சுண்ணாம்பும் ஃப்ளோரைடும் கலந்த காரக் கசடு. உலோகம் தூய்மையாக வரும், விரிசலுக்கு எளிதில் இடம் கொடுக்காது, தாக்குவலிமையில் ரூட்டைலைத் தாண்டும். ஆனால் கசடு மெல்லியது, தண்ணீராக ஓடும், துளிகள் பெரிது பெரிதாக விழும். செங்குத்தில் அதை ஓட்டுவது வித்தை காட்டுவதற்குச் சமம். முனையை எதிர்மின்னுக்கு மாற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. நல்ல உலோகமும் நல்ல தாங்குதலும் ஒரே பொடியில் கிடைப்பது கடினம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். ரூட்டைல் கம்பிகளின் கடந்த சில பத்தாண்டுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சுருக்கியதில் போயின. போரான், டைட்டானியம் ஆகியவற்றை மிகச் சிறிய அளவில் சேர்த்து மணியமைப்பை நுணுக்கி, தாங்கும் கசடை விடாமலே தாக்குவலிமையை ஏற்றினார்கள்.

வாயுவே வேண்டாத கம்பிகள் இன்னொரு குடும்பம். 1950களின் இறுதியில் லிங்கன் நிறுவனம் இன்னர்ஷீல்டு என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. இவை காற்றைத் தள்ளிவைப்பதைவிட, உள்ளே நுழைந்த காற்றைச் சிறைப்பிடிப்பதையே அதிகம் நம்புகின்றன. பொடியில் இருக்கும் அலுமினியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கட்டிவிடுகிறது. கட்டியது போக மிஞ்சும் அலுமினியம் வெல்டிலேயே தங்கி, மணிகளைப் பெரிதாக்கி, உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளுகிறது. 4, 7, 11 ஆகிய வகுப்புகளுக்கு தரநூலில் தாக்குவலிமைக் கட்டாயமே கிடையாது. 8 விலக்கு. அலுமினியத்தைக் குறைத்து, வேறு ஃப்ளோரைடுகளைச் சேர்த்து, மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல் தரும்படி செய்தது. எல்லா நிலைக்கும் ஓடும்.

இந்த வேறுபாட்டின் விலையை லாஸ் ஏஞ்சலஸ் கற்றுக்கொண்டது. 1994 ஜனவரி 17 அதிகாலை, நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம். எஃகுச் சட்டகக் கட்டடங்கள் நெளியும், உடையாது என்பது அதுவரை பொறியாளர்களின் நம்பிக்கை. அவற்றில் பெரும்பாலானவை நின்றன என்பதும் உண்மையே. ஆனால் சுவர்ப் பூச்சையும் தீத்தடுப்புப் பூச்சையும் பிரித்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டுகள் பிளந்திருந்தன. அதிகம் பிளந்தது உத்தரத்தின் கீழ்ப்பட்டை. அங்கே வெல்டர் உத்தரத்தின் நடுத்தகட்டுக்கு ஒரு பக்கம் பாதி அடித்து, மறுபக்கம் போய் மீதியை அடிக்க வேண்டும். நிறுத்தலும் தொடக்கமும் சரியாக நடுவில் விழும், கீழே விட்டுவைத்த பேக்கிங் பட்டை ஒரு வெட்டாக நிற்கும். போட்ட கம்பியோ பெரும்பாலும் 3 மி.மீ. ஈ70டி-4, வாயு வேண்டாம், வேகமாக நிரப்பும், தாக்குவலிமைக்கு உத்தரவாதம் கிடையாது. இந்த வெல்டுகள் படுக்கை நிலையில் போட்டவை, அதனால் நம் கேள்விக்கு நேர் உதாரணம் அல்ல. ஆனால் ஓட்டுவதற்கு எளிது, நிரப்புவதற்கு வேகம் என்ற இரண்டே அளவுகோல்களில் கம்பி தேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை நடந்ததில்லை. காரணம் கம்பி மட்டும் அல்ல, இணைப்பின் வடிவம், பேக்கிங் பட்டை, பரிசோதனைக் குறைபாடு எல்லாம் சேர்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000இல் வந்த, அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் ஃபீமா-350 வழிகாட்டியும், 2005இல் வந்த டி1.8 நிலநடுக்க விதிநூலும் முக்கிய வெல்டுகளுக்கு இரட்டைத் தேர்வு வைத்தன: மைனஸ் 29இல் 27 ஜூல், அறை வெப்பமான 21 டிகிரியில் 54 ஜூல்.

டி1.8 இன்னொன்றையும் கண்டுகொண்டது. வாயு இல்லாக் கம்பியில் ரூட் அடித்து, மேலே வாயுக் கம்பியிலோ 7018லோ நிரப்பினால், கீழுள்ள அலுமினியம் மேல் அடுக்கோடு கலந்து அதன் தாக்குவலிமையைக் கெடுக்கலாம். தனித்தனியே தேறிய இரண்டு கம்பிகள் சேர்ந்தால் தோற்கலாம் என்பதால், அப்படிக் கலக்கும் வேலைகளுக்குக் கலப்பைச் சோதித்துக் காட்டச் சொல்கிறது. டாக் போட்ட கம்பி எது, நிரப்பிய கம்பி எது என்ற கேள்வி நம் சிறு பட்டறைகளில் எழுவதே இல்லை.

அப்படியானால் வாயு இல்லாக் கம்பி எப்போது? காற்று தீர்மானிக்க வேண்டும். வாயுவோடு ஓடும் எந்த முறைக்கும் டி1.1 காற்றின் வேகத்துக்கு மணிக்கு 8 கி.மீ. என்று வரம்பு வைக்கிறது. அது முகத்தில் லேசாக உணரும் காற்றுதான். கடலோரக் கட்டுமானத்தில் இருபதாவது மாடியில் அந்த வரம்பு எந்நேரமும் மீறப்படும். தார்ப்பாய் கட்டி மறைக்க முடிந்தால் வாயுக் கம்பியே மேல். முடியாத இடத்தில் 8 வகுப்பு. 11 வகுப்பு 19 மி.மீ.க்கு உட்பட்ட, பெரிய சுமை ஏற்காத வேலைக்கு. ஜி.எஸ். என்று முடியும் சிறு ஸ்பூல்கள் ஒற்றைப் பாஸுக்கு மட்டுமே ஆனவை. கேட்டுக்கும் கிராதிக்கும் சரி, அடுக்கடுக்காக நிரப்ப அல்ல. வாயு இல்லாக் கம்பிகளில் 8, 11 இரண்டும் டார்ச்சை எதிர்மின் முனையில் கேட்பவை. சி.ஓ.டூ மெஷினில் முனை மாற்றாமல் இவற்றை மாட்டினால் சிதறலும் துளையும் உடனே தெரியும். கம்பி மட்டம் என்ற தீர்ப்பும் உடனே வரும். 8 வகுப்புக் கம்பிகள் பலவற்றின் புகையில் பேரியம் சேர்மங்கள் உண்டு என்பதால் மூடிய டேங்குக்குள் அடிப்பவர் புகை உறிஞ்சியில்லாமல் இறங்கக் கூடாது.

வாயு பற்றிய சண்டை நெடுநாளையது. தனி கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆழமாக உருக்கும், துளி பெரிது, சிதறலும் புகையும் அதிகம். ஆர்கான் 75-80 சதம் கலந்த வாயுவில் துளி சிறிது, ஆர்க் மென்மை, செங்குத்தில் புதியவர் கைக்கு அடங்கும். பெட்டியில் சி என்று முடிந்தால் முதலாவது, எம் என்று முடிந்தால் இரண்டாவது. சி கம்பியைக் கலவை வாயுவில் ஓட்டினால் மாங்கனீசும் சிலிக்கனும் எரியாமல் வெல்டில் அதிகம் தங்கும். வலிமை ஏறி, வளைத்தேர்வில் தகடு பிளக்க வாய்ப்பு கூடும். எம் கம்பியைத் தனி வாயுவில் ஓட்டினால் நேர்மாறு. சிங்கப்பூர் கப்பல்தளங்களுக்கும் வளைகுடாவுக்கும் போக நம் ஊர் வெல்டர்கள் கொடுக்கும் 3ஜி (செங்குத்து), 4ஜி (தலைக்கு மேல்) தேர்வுகளில், பயிற்சி ஒரு வாயுவிலும் தேர்வு வேறு வாயுவிலும் நடந்தால், கை மாறாமலே பீட் மாறிப்போகும். என் சாய்வு தனி கார்பன் டை ஆக்சைடு பக்கம், அது மலிவு என்பதால் அல்ல. அதிகம் ஆர்கான் உள்ள வாயுவில் வார்ம் டிராக் வரும் போக்கு கூடுதல் என்பதால். சிலிண்டரிலிருந்து வாயு விரியும்போது ரெகுலேட்டர் உறைந்து ஓட்டம் விட்டுவிட்டு வரும். ஹீட்டர் எரிகிறதா என்று காலையில் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் பல துளைகள் தவிரும். ஓட்டம் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர். 30க்கு ஏற்றினால் பாதுகாப்பு கூடாது, வாயு சுழன்று காற்றையும் உள்ளே இழுத்துவரும்.

விட்டத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வாயுக் கம்பியில் 1.2 மி.மீ. எல்லா நிலைக்கும் போதும், 1.6ஐச் செங்குத்தில் ஓட்டலாம், ஆனால் குட்டை பெரிதாகி கைக்குச் சோதனை. டி1.1 முன்தகுதி வேலைகளுக்கு செங்குத்தில் 2.4, தலைக்கு மேல் 2.0 மி.மீ. வரை அனுமதிக்கிறது. அது மேல்வரம்பு, பரிந்துரை அல்ல.

இனி மெஷின். ஃப்ளக்ஸ் கோர் ஓடுவது வோல்டேஜ் மாறாத மெஷினில். கம்பி வேகத்தை ஏற்றினால் கரண்ட் தானே ஏறும். வோல்டேஜ் ஆர்க்கின் நீளத்தை வைக்கும். டார்ச்சின் காண்டாக்ட் டிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பி வெளியே நீட்டியிருக்கும் நீளம் மூன்றாவது கைப்பிடி, அதை வைத்திருப்பது வெல்டரின் மணிக்கட்டு. 1.2 மி.மீ. கம்பியில் 15 மி.மீ. நீட்டலை 25 ஆக்கினால் அதே வேகத்தில் இருபது முப்பது ஆம்பியர் இறங்கிவிடும். கம்பி கூடுதலாகச் சூடேறி, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் ஆர்க்குக்குள் போகும் முன்பே ஓரளவு வெளியேறும். 20 மி.மீ. ஒட்டிப் பிடிப்பது நல்ல பழக்கம். வாயு இல்லா 8 வகுப்புக்கு 20 முதல் 25.

செங்குத்துக்கும் தலைக்கு மேலுக்கும், 1.2 மி.மீ. ஈ71டி-1, தனி கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். கம்பி வேகத்தை நிமிடத்துக்கு 7 மீட்டரில் வைத்தால் கரண்ட் ஏறத்தாழ 180-210க்குள் நிற்கும். வோல்டேஜை 22இலிருந்து ஒரு துண்டுத் தகட்டில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். முதலில் கம்பி குட்டையில் முட்டி டார்ச்சை உதைக்கும், சத்தம் விட்டுவிட்டு வெடிக்கும். 24ஐ ஒட்டி உதைப்பு நின்று, சத்தம் ஒரே சீராகும். 27ஐத் தாண்டினால் சத்தம் மெதுவாகி, ஆர்க் நீண்டு, ஓரங்களில் பள்ளம் விழத் தொடங்கும். சீரான இடம் வந்ததும் அரை வோல்ட் கீழே இறக்கி நிறுத்த வேண்டும், செங்குத்தில் குறைவான பக்கமே பாதுகாப்பு. கலவை வாயு என்றால் இதிலிருந்து ஒன்று, ஒன்றரை வோல்ட் குறைத்துத் தொடங்கலாம். 1.7 மி.மீ. 8 வகுப்புக்கு செங்குத்தில் 18 முதல் 21 வோல்ட். அங்கே ஒரு வோல்ட் கூடினாலே ஆர்க் நீண்டு நைட்ரஜனை உள்ளே விடும், துளை வரும். வாயுக் கம்பி மன்னிக்கும் தவறுகளை இது மன்னிக்காது.

இந்த வோல்ட் எங்கே அளந்தது என்பது முக்கியம். மெஷினிலிருந்து 30 மீட்டர் கேபிள், அதே நீளம் எர்த் திரும்பல், இரண்டும் 70 சதுர மி.மீ. செம்பு என்றால், 200 ஆம்பியரில் கேபிளே ஏறத்தாழ 3 வோல்ட் தின்றுவிடும். 50 சதுர மி.மீ. என்றால் 4க்கு மேல். தளர்ந்த எர்த் கிளாம்ப் தன் பங்குக்கு இன்னும் எடுக்கும். கப்பல் பிளாக்குக்குள் அடிக்கும் ஒருவர் 28 வைக்கிறார், பட்டறையில் அடிப்பவர் 25 வைக்கிறார், ஆர்க்கில் இருவருக்கும் ஒரே வோல்டேஜ்தான். கையேட்டு எண்ணை நம்பாமல் ஃபீடரின் முனையில் மீட்டர் வைத்துப் பார்ப்பதே முறை.

கம்பி குழாய் என்பதை ஃபீடர் மறந்தால் வேலை கெடும். பள்ளங்களுக்குள் பல்வெட்டு உள்ள ரோலர், அழுத்தம் மிகக் குறைவு. கையுறை போட்ட கையால் கம்பியைப் பிடித்தால் ரோலர் வழுக்க வேண்டும், கம்பி நசுங்கக் கூடாது. நசுங்கினால் மடிப்புத் தையல் திறந்து பொடி லைனருக்குள் கொட்டும், அங்கே பொடி சேர்ந்து அடைத்து, ஆர்க் திக்கித் திக்கி வரும். அப்போது வோல்டேஜைத் திருகுவார்கள். வோல்டேஜில் குறையில்லை.

கைவேலைக்கு வருவோம். செங்குத்தில் வாயுக் கம்பியைக் கீழிருந்து மேலே ஏற்றித்தான் அடிக்க வேண்டும். டி1.1 முன்தகுதி முறைகளில் இது கட்டாயம். மேலிருந்து கீழே இறக்கினால் கசடு ஆர்க்குக்கு முன்னால் ஓடி, அதன்மேல் இரும்பு படியும், ஸ்லாக் உள்ளே மாட்டும், வேர் உருகாது. பைப்லைனில் வாயு இல்லாச் சில 8 வகுப்புக் கம்பிகளை இறக்கி அடிக்கிறார்கள் என்பது உண்மை. அவை அதற்கென்றே செய்த கசடு உள்ளவை. பெட்டியில் அப்படி எழுதாத கம்பியை இறக்குவது சூதாட்டம்.

8 மி.மீ. ஃபில்லட்டை ஏற்றும்போது டார்ச் மேல்நோக்கி 5 முதல் 10 டிகிரி சாயும். பார்வை ஆர்க்கில் இருக்கக் கூடாது, அதற்குக் கீழே, கசடின் விளிம்பு இறுகும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக நிற்பது, நடுவை விரைந்து கடப்பது, மறு ஓரத்தில் நிற்பது, அரைக் கம்பி விட்டம் மேலே ஏறுவது. ஓரத்தில் நிற்கும்போது பள்ளம் நிரம்புகிறது. நடுவில் தயங்கினால் பீட் நடுவே உப்பி, அடுத்த பாஸின் இரு ஓரத்திலும் ஸ்லாக் ஒளிய இடம் செய்துவிடும். அலைவின் அகலம் நாசில் விட்டத்தைத் தாண்டினால் ஒரு பாஸை இரண்டாக்கிவிடலாம். தலைக்கு மேல் அலைவே வேண்டாம், நேர்க்கோடாக, சிறு சிறு பீடுகளாக, ஒன்றன்மேல் பாதி ஏறினாற்போல. அங்கே பெரிய எதிரி நாசில். சிதறல் நேராக அதற்குள் விழுந்து வாயுத் துளைகளை அடைக்கும். சில பீடுக்கு ஒருமுறை சுரண்டாத நாசில் நன்றாக அமைத்த மெஷினையும் தோற்கடிக்கும்.

வார்ம் டிராக் வந்தால் தேட வேண்டிய வரிசை எனக்குத் தெரிந்தவரை இது: முதலில் வோல்டேஜ் ஒன்று குறைத்துப் பார்ப்பது, அடுத்து நீட்டலைக் கூட்டுவது, தகட்டின் பிரைமரையும் எண்ணெயையும் தேய்ப்பது, கடைசியாகக் கம்பியின் ஈரம். நம் கடலோரத்தில் கடைசியை முதலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். மடித்துத் தைத்த கம்பியின் தையல் வழியாக ஈரம் உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழையில் ஃபீடரில் இரவெல்லாம் திறந்து கிடந்த ஸ்பூல் காலையில் முதல் சில மீட்டருக்கு வார்ம் டிராக் தந்து, பிறகு தானே சரியாவதும் உண்டு. தையலே இல்லாமல், குழாயாக மூடி இழுத்துச் செம்பு பூசிய கம்பிகள் இதற்காகவே வந்தவை. விலை கூடுதல், ஆனால் கனத் தகட்டில், எச்4 கேட்கும் வேலையில் வாதமே வேண்டாம். மற்றவற்றுக்கு வேலை முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றி, பெட்டியோடு வந்த பையில் கட்டி, சூடான அறையில் வைப்பதே போதும்.

எல்லாம் வைத்தாகிவிட்டது, பீட் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, கசடு தட்டாமலே உரிகிறது. வேலையில் இறங்கும் முன் ஒரு காரியம் மிச்சம். 10 மி.மீ. தகட்டில் ஒரு டி-இணைப்பின் ஒரே பக்கம் செங்குத்தில் ஒரு ஃபில்லட் ஏற்றி, ஆறியதும் நிறுத்துத் தகட்டை வெல்ட் பக்கமாகச் சாய்த்துச் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பாருங்கள். மூலையில் தகட்டின் பழைய வெட்டு விளிம்பு நேர்க்கோடாக அப்படியே தெரிந்தால், எவ்வளவு அழகான பீடாக இருந்தாலும் வேர் உருகவில்லை. அதற்கு வோல்டேஜை ஏற்றுவது தவறான மருந்து. கம்பி வேகத்தை அரை மீட்டர் ஏற்றி, நீட்டலை 20க்குக் கீழே கொண்டுவந்து, ஆர்க்கைக் குட்டையின் முன்விளிம்பில் வைத்து மறுபடி ஒன்று ஏற்றி, மறுபடி உடைக்க வேண்டும்.